கட்டைவிரல் செய்த பாவம்

கையில் டிவி ரிமோட் வைத்திருப்பவனும் ஜாய்ஸ்டிக் வைத்திருப்பவனும் ஒரே சோபாவில் உட்கார்ந்தால் சண்டை நிச்சயம். எங்கள் வீட்டில் அது 2023 மார்ச் மாதம் நடந்தது.

ரிமோட் நான். ஜாய்ஸ்டிக் என் அக்கா மகன். கல்லூரியில் முதல் வருடம். அன்றைக்கு 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' தொடரின் முதல் சீசனில் கடைசி எபிசோடைப் பார்த்து முடித்திருந்தேன். பத்து வருடத்துக்கு முன்னால் வந்த வீடியோ கேம்தான் தொடராகியிருக்கிறது என்பது தெரியும். அந்த கேமை இரண்டு முறை முழுசாக ஆடி முடித்தவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான் என்பதும் தெரியும். இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா? "என்னமா எடுத்திருக்கான் பாருடா! உங்க கேம்ல இதெல்லாம் வருமா?" என்று கேட்டுவிட்டேன்.

பையன் என்னை ஒரு தடவை பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா இதுல அந்த ஆளு தப்பு பண்றான், நீங்க பாக்கறீங்க. கேம்ல நான்தான் பண்ணேன்."

சொல்லிவிட்டு தோசை சாப்பிடப் போய்விட்டான். நான் சினிமா பற்றி எழுத ஆரம்பித்து இருபது வருடம் ஆகிறது. இந்த இரண்டு வரிக்கு பதில் சொல்லத் தெரியாமல் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தேன். இந்த வாரம் அந்த பதிலைத்தான் யோசித்துப் பார்க்கப்போகிறோம், நீங்களும் நானும்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். படித்தது பி.காம். வீடியோ கேம் விஷயத்தில் என் அனுபவம் எட்டாம் வகுப்போடு சரி. தொண்ணூறுகளில் தெருவுக்கு ஒரு வீட்டில் அந்த டப்பா இருக்கும். டிவிக்குப் பின்னால் ஒயரைச் செருகி, மஞ்சள் கேசட்டை 'உஃப் உஃப்' என்று நாலு தடவை ஊதிப் போட்டால் மரியோ வருவார். கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருப்பது என்னவோ ஏழெட்டு கேம்தான். அதையே திருப்பித் திருப்பி வேறு வேறு பெயரில் எண்ணியிருப்பார்கள். சரக்கு இருப்புக் கணக்கை எப்படியெல்லாம் ஊதிப் பெருக்கலாம் என்பதை நான் கல்லூரிக்குப் போகும் முன்பே கற்றுக்கொண்டது அந்த கேசட்டில்தான்.

அப்புறம் வேலை, கல்யாணம், சினிமா விமர்சனம். சில வருடங்கள் கழித்து எங்கேயோ ஒரு கட்டுரையில், 'வீடியோ கேம் என்பது கட்டைவிரலுக்கு மட்டுமான தேகப்பயிற்சி' என்று எழுதினேன். எழுதியபோது எனக்கே அது பிரமாதமான வரியாகத் தெரிந்தது. பாராட்டிக் கடிதங்களும் வந்தன. பெரும்பாலும் அம்மாக்கள்.

அந்த வரியை எழுதும்போது நான் ஒரு கேமைத் தொட்டு எத்தனை வருடம் ஆகியிருந்தது? பதினைந்து. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவோம்.

சினிமாவும் வீடியோ கேமும் சம்பந்தம் பண்ண ஆரம்பித்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆரம்பமே அபசகுனம். 1982-ல் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' உலகத்தையே அழவைத்தது. சூட்டோடு சூடாக கிறிஸ்துமஸுக்குள் அதை கேமாக்கி விற்றுவிட வேண்டும் என்று அடாரி கம்பெனி முடிவு செய்தது. ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்கிற ப்ரோகிராமரின் தலையில் வேலை விழுந்தது. அவருக்குக் கிடைத்த அவகாசம் சுமார் ஐந்து வாரம். பாவம், மனுஷன் முடித்தும் கொடுத்தார். ஆடிப் பார்த்தால் ஈ.டி. அடிக்கொரு தரம் பள்ளத்தில் விழுகிறது. ஏறி வந்தால் மறுபடி பள்ளம்.

படம் ஓடிய ஓட்டத்தை நம்பி லட்சக்கணக்கில் கேசட் அடித்துத் தள்ளியிருந்தார்கள். விற்றது போக மலைமலையாகத் தேங்கியது. 1983-ல் அடாரிக்கு ஏற்பட்ட நஷ்டம் 50 கோடி டாலருக்கும் மேல். ஈ.டி. மட்டுமே காரணம் கிடையாது. ஆனால் ஊர் வாயில் விழுந்தது அதுதான். அந்த வருடம் நியூ மெக்சிகோவில் அலமகோர்டோ என்ற ஊரின் குப்பை மேட்டில் லாரி லாரியாகக் கொண்டுவந்து புதைத்தார்கள். ரொம்ப நாள் இதைக் கட்டுக்கதை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2014 ஏப்ரலில் தோண்டிப் பார்த்தார்கள். நசுங்கிப்போன கேசட்டுகள் நிஜமாகவே வந்தன. குப்பைக்குப் போன சரக்கு ஏலத்துக்கும் மியூசியத்துக்கும் போனது தனிக் கதை.

இது சினிமா கேமான கதை. கேம் சினிமாவான கதை இதைவிட மோசம்.

1993-ல் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' படம் வந்தது. பாப் ஹாஸ்கின்ஸ் மரியோ. லேசுப்பட்ட நடிகர் இல்லை. வில்லன் டென்னிஸ் ஹாப்பர். காசும் கொட்டித்தான் எடுத்தார்கள். படம் போட்ட காசைக்கூட எடுக்கவில்லை. தன் வாழ்க்கையிலேயே தான் செய்த மோசமான வேலை அதுதான் என்று ஹாஸ்கின்ஸ் பிற்பாடு ஒரு பேட்டியில் புலம்பினார். ஒப்புக்கொண்டபோது அது ஒரு வீடியோ கேம் என்றே அவருக்குத் தெரியாதாம். மகன் சொல்லித்தான் தெரிந்ததாம். எல்லா வீட்டிலும் இதுதான் நிலைமை போல.

அந்தப் படத்தில் என்ன கோளாறு? மரியோவின் மீசை இருக்கிறது. தொப்பி இருக்கிறது. பெயர்கள் இருக்கின்றன. விளையாட்டு மட்டும் இல்லை. இத்தனைக்கும் அந்த மீசையும் தொப்பியும் எதற்காக வந்தன தெரியுமா? 1981-ல் ஷிகேரு மியாமோட்டோ அந்த ஆளை முதன்முதலில் வரைந்தபோது திரையில் கிடைத்தது விரல்விட்டு எண்ணக்கூடிய புள்ளிகள். அதில் வாய் வரைய இடமில்லை, மீசை வைத்தார். தலைமுடி அசைவதைக் காட்ட முடியாது, தொப்பி போட்டார். ஆக, மீசையும் தொப்பியும் இட நெருக்கடியால் வந்தவை. மரியோவின் உயிர் இருப்பது குதிப்பதில். பட்டனை அழுத்தினால் எவ்வளவு உயரம் எழும்புகிறார், எந்த இடத்தில் விழுகிறார் என்ற அந்தக் கணக்கில். ஹாலிவுட் மீசையை விலைக்கு வாங்கி, குதிப்பதை விட்டுவிட்டது.

'2023-ல் வந்த மரியோ கார்ட்டூன் படம் 130 கோடி டாலரைத் தாண்டி வசூலித்ததே?' என்று கேட்பீர்கள். வசூலித்தது. முதல் நாள் மரியோ வாங்கிக் கொடுத்தவனே இன்று அப்பாவாகிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனான். நானும் போனேன். கலர் கலராக இருந்தது, பழைய இசை கேட்டபோது புல்லரித்தது. ஆனால் ஒன்றரை மணி நேரமும் என் கட்டைவிரல் சும்மா துடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் ஆடுவதை, நமக்கு எப்போது ஜாய்ஸ்டிக் தருவான் என்று வேடிக்கை பார்த்த அதே உணர்ச்சி. கடைசி வரை அவன் தரவில்லை.

சரி, கேமிலிருந்து சினிமா எதைத்தான் எடுத்துக்கொள்ள முடியும்? சட்டையை எடுத்தவர்கள் தோற்றார்கள். விதியை எடுத்தவர்கள் ஜெயித்தார்கள் என்பது என் கட்சி.

1998-ல் வந்த ஜெர்மன் படம் 'ரன் லோலா ரன்' ஞாபகம் இருக்கிறதா? காதலனைக் காப்பாற்ற இருபது நிமிஷத்தில் ஒரு லட்சம் மார்க் புரட்ட வேண்டும். லோலா ஓடுகிறாள். தோற்கிறாள். மறுபடி முதலிலிருந்து ஓடுகிறாள். மொத்தம் மூன்று ஓட்டம். எந்த கேமின் பெயரையும் அந்தப் படம் விலைக்கு வாங்கவில்லை. 'செத்தால் திரும்பவும் முதலிலிருந்து' என்ற ஒரே ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொண்டது. 2014-ல் டாம் க்ரூஸ் நடித்த 'எட்ஜ் ஆஃப் டுமாரோ'வும் அப்படித்தான். செத்துச் செத்துப் பிழைக்கிறார், ஒவ்வொரு சாவிலும் ஒரு பாடம் கற்கிறார். அதன் மூலக்கதையை எழுதிய ஜப்பானிய நாவலாசிரியர் ஹிரோஷி சகுராசகா, வீடியோ கேமிலிருந்துதான் அந்த யோசனையே வந்தது என்று சொல்லியிருக்கிறார்.

நம்ம ஊர் மட்டும் என்ன குறைச்சல்? 2019-ல் அஸ்வின் சரவணன் எடுத்த 'கேம் ஓவர்' பாருங்கள். டாப்ஸிக்குக் கையில் பச்சை குத்தியிருக்கும். அதுதான் உயிர்க்கணக்கு. பயத்தால் ஒடுங்கிப்போன ஒரு பெண்ணுக்கு 'இன்னொரு தடவை முயற்சி பண்ணு' என்று சொல்ல, கேமைவிடப் பொருத்தமான வடிவம் ஏது? 2021-ல் வந்த 'மாநாடு' இன்னும் தமாஷ். ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிறது. எஸ்.ஜே.சூர்யா அலுத்துக்கொண்டு முகத்தைச் சுளிக்கிறாரே, அது நடிப்பு என்றா நினைத்தீர்கள்? ஒரே லெவலில் பதினெட்டாவது முறை தோற்றவனின் அசல் மூஞ்சி அது. தியேட்டரில் என் அக்கா மகன் சிரித்த சிரிப்பைப் பார்த்திருக்க வேண்டும். அனுபவஸ்தன் சிரிப்பு.

இவ்வளவு தூரம் பையனும் நானும் ஒரு கட்சி. இனிமேல்தான் சண்டை.

'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' கதையின் முடிவைச் சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் இரண்டு பத்தி தள்ளி வந்து சேர்ந்துகொள்ளுங்கள்.

ஒரு பூஞ்சை மனிதர்களைத் தொற்றி உலகமே நாசமாகிவிட்டது. மகளைப் பறிகொடுத்த ஜோயல் என்ற முரடன், எல்லி என்கிற பதினாலு வயதுப் பெண்ணை அமெரிக்காவின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறான். அவளை மட்டும் பூஞ்சை ஒன்றும் செய்வதில்லை. அவளை வைத்து மருந்து கண்டுபிடிக்கலாம். வழியில் அவள் அவனுக்கு மகளாகிவிடுகிறாள். ஊர் போய்ச் சேர்ந்தபிறகுதான் தெரிகிறது, மருந்து எடுக்க வேண்டுமானால் அவள் மூளையைத் திறக்க வேண்டும், பிழைக்க மாட்டாள். ஜோயல் என்ன செய்கிறான்? ஆஸ்பத்திரியில் இருப்பவர்களைக் கொன்று அவளைத் தூக்கிக்கொண்டு வருகிறான். உலகத்துக்கான மருந்து போச்சு. பிற்பாடு அவளிடமே பொய்யும் சொல்கிறான்.

தொடரில் இதை பெட்ரோ பாஸ்கல் செய்கிறார். முகத்தில் சலனமே இல்லை. நமக்குத் திக்கென்கிறது. 'அடப்பாவி' என்கிறோம். கேமில் ஆபரேஷன் அறைக்குள் நுழைவது நீங்கள். எதிரே டாக்டர் ஒரு சின்னக் கத்தியை நீட்டியபடி நடுங்கிக்கொண்டு நிற்கிறார். உங்களைக் கொல்ல அவரால் முடியாது. ஆனால் அவர் விழுந்தால்தான் கதை நகரும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். கேம் காத்திருக்கும். என் அக்கா மகன் ரொம்ப நேரம் நின்றானாம். வேறு வழி இருக்கிறதா என்று அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தானாம். இல்லை. பட்டனை அழுத்தினான். "அன்னிக்கு நைட் தூக்கம் வரல மாமா" என்றான் பிறகு ஒரு நாள்.

யோசித்துப் பாருங்கள். நூறு வருடத்துக்கும் மேலாக சினிமா நமக்கு எல்லாம் கொடுத்திருக்கிறது. அழுகை, சிரிப்பு, பயம், கோபம். ஒன்றை மட்டும் அதனால் கொடுக்க முடியாது: குற்றவுணர்ச்சி. எந்தப் படத்தையும் பார்த்துவிட்டு 'நான் இப்படிச் செய்திருக்கக் கூடாது' என்று நீங்கள் வெளியே வந்ததில்லை. டிக்கெட் வாங்கியதைச் சொல்லவில்லை. திரையில் எவன் எவனைக் கொன்றாலும் நம் கை பாப்கார்னில்தான் இருக்கிறது. டெபிட் முழுவதும் அவன் கணக்கில். கேமில் கணக்கு நம் பெயரில் எழுதப்படுகிறது.

பையனுக்கு ஒரு மார்க் கொடுத்துவிட்டேன். ஆனால் முழு மார்க் கிடையாது. காரணம், அதே தொடரின் மூன்றாவது எபிசோட். கேமில் பில் என்று ஒருவன் வருவான், சிடுமூஞ்சி. அவனுடைய துணைவன் ஃப்ராங்க் ஏற்கெனவே செத்துப்போயிருப்பான். அந்த உறவு எப்படிப்பட்டது என்பதை ஒரு கடிதத்தில், ஓரிரண்டு வசனத்தில் தெரிந்துகொண்டு நாம் அடுத்த சண்டைக்கு ஓட வேண்டும். தொடரோ அங்கே வண்டியை நிறுத்திவிடுகிறது. ஒரு முழு எபிசோடையும் அந்த இரண்டு பேருக்குக் கொடுத்துவிடுகிறது. அவர்கள் சமைக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், ஸ்ட்ராபெர்ரி சாப்பிடுகிறார்கள், கிழவர்களாகிறார்கள். அதில் நமக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. வேலை இல்லாததால்தான் பார்க்க முடிகிறது. கையில் துப்பாக்கி இருப்பவன் எதிரே இருப்பவனின் முகத்தையா பார்ப்பான்? மறைய எங்கே சுவர் இருக்கிறது என்றுதான் பார்ப்பான். அடுத்தவர் வாழ்க்கையைக் குறுக்கிடாமல் பார்த்துக்கொண்டிருப்பது, அது சினிமாவின் சொத்து. இதைச் சொன்னபோது பையன் "அந்த எபிசோட் செம மாமா" என்று ஒப்புக்கொண்டான். ஆக, ஒன்றுக்கு ஒன்று.

இப்போது ரோஜர் ஈபர்ட். அமெரிக்காவின் புகழ்பெற்ற சினிமா விமர்சகர். 1975-ல் புலிட்சர் பரிசு வாங்கியவர். சினிமா விமர்சனத்துக்கு அந்தப் பரிசை வாங்கிய முதல் ஆள். 2010 ஏப்ரலில் அவர், வீடியோ கேம் ஒருநாளும் கலையாகாது என்று எழுதினார். கேமில் விதி இருக்கிறது, பாயிண்ட் இருக்கிறது, ஜெயிக்க முடியும். கலையை யாரால் ஜெயிக்க முடியும் என்பது அவர் வாதம். முடிவை ஆடுபவன் கையில் விட்டுவிட்டால் படைத்தவனுக்கு என்ன வேலை என்பது அதன் இன்னொரு பக்கம். வந்து குவிந்தன எதிர்ப்புகள், ஆயிரக்கணக்கில். சில மாதம் பொறுத்து, ஜூலையில் அவர் மறுபடி எழுதினார். தன் அபிப்பிராயத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் ஆடிப் பார்க்காத ஒன்றைப்பற்றித் தான் வாயைத் திறந்திருக்கவே கூடாது என்று ஒப்புக்கொண்டார்.

எவ்வளவு பெரிய மனுஷன்! பார்க்காத படத்துக்கு விமர்சனம் எழுதினால் அந்த விமர்சகனை என்ன செய்வோம்? நான் ஆடாத விளையாட்டுக்குத் தீர்ப்பு எழுதினேன், 'கட்டைவிரல் தேகப்பயிற்சி' என்று. ஈபர்ட்டுக்கு மூன்று மாதத்தில் வந்த ஞானம் எனக்கு வர இத்தனை வருடம் பிடித்தது, அதுவும் தோசைக்கு நடுவே.

ஈபர்ட் 2013 ஏப்ரலில் காலமானார். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' கேம் வந்தது அதே வருடம் ஜூனில். இரண்டே மாதம். அவர் கேள்விக்கு அந்த ஆபரேஷன் அறையில் ஒரு பதில் இருக்கிறது. அங்கே முடிவு ஆடுபவன் கையில் இல்லை. படைத்தவன்தான் எழுதி வைத்திருக்கிறான். ஆனால் கையெழுத்துப் போடுவது நீங்கள். இதற்கு ஈபர்ட் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்க எனக்கு ரொம்ப ஆசை.

கேம் என்றாலே எல்லாம் கலை என்று சொல்ல வரவில்லை. பி.காம். படித்தவன் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. இன்றைய கேம்களில் பாதி, உண்டியல். உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத பெட்டியை நிஜப் பணம் கொடுத்து வாங்கச் சொல்கிறார்கள். திறந்தால் வாளும் வரலாம், வெறும் சட்டையும் வரலாம். திருவிழாவில் முன்பு லாட்டரிச் சீட்டு சுரண்டுவோமே, அதே வித்தை. 2018-ல் பெல்ஜியம் நாட்டு அதிகாரிகள் இது சூதாட்டம்தான் என்றே அறிவித்தார்கள். அம்மாக்கள் கவலைப்பட வேண்டிய இடம் இது. பையன் துப்பாக்கி சுடுகிறான் என்பதைவிட, எத்தனை ரூபாய்க்குச் சட்டை வாங்குகிறான் என்று பாருங்கள்.

கடைசியாக ஒன்று. போன தீபாவளி விடுமுறையில் அக்கா மகன் என் கையில் ஜாய்ஸ்டிக்கைத் திணித்தான். 'ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்'. 2005-ல் ஜப்பானில் ஃபுமிடோ உவேடா என்பவர் உருவாக்கியது. பிறகு புது மெருகோடு மறுபடி வந்தது. செத்துப்போன ஒரு பெண்ணை உயிர்ப்பிக்க வேண்டும். அதற்குப் பதினாறு பூதங்களைக் கொல்ல வேண்டும். அவ்வளவுதான் கதை. நம் பாட்டி சொல்லியிருக்கக்கூடிய கதை.

எட்டாம் வகுப்பு உற்சாகம் வந்துவிட்டது எனக்கு. மலை மாதிரி நடந்து வருகிறது முதல் பூதம். அதன் ரோமத்தைப் பிடித்துத் தொங்கி, விழுந்து, மறுபடி ஏறி, முக்கால் மணி நேரம் போராடி உச்சந்தலையில் வாளை இறக்கினேன். "மாட்னியா!" என்று கத்தியும் விட்டேன். சமையலறையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள்.

பூதம் மெதுவாகச் சாய்ந்தது. வெற்றி மேளத்தை எதிர்பார்த்தேன். வரவில்லை. ஒப்பாரி போல ஒரு இசை. அது பாட்டுக்குத் தன் வழியில் நடந்துகொண்டிருந்த ஜீவன். நான்தான் தேடிப் போயிருந்தேன். நான் ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்தேன்.

"இன்னும் பதினஞ்சு இருக்கு மாமா" என்றான் பையன்.

"நாளைக்குப் பாத்துக்கலாம்டா" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. டிவியை அணைத்துவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

உங்கள் வீட்டிலும் ஒரு ஜாய்ஸ்டிக் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். பிடுங்கி ஒளித்து வைப்பதற்கு முன்னால் ஒரு தடவை ஆடிப் பாருங்கள். பிடிக்கவில்லையா, தாராளமாகத் திட்டுங்கள். ஆடிவிட்டுத் திட்டினால் பையன் காது கொடுத்துக் கேட்பான். என் அக்கா மகன் கேட்கிறான்.

பதினாறில் நான் இதுவரை கொன்றது ஆறு. ஏழாவதற்கு இன்னும் மனசு வரவில்லை.